கல்லூரி மாணவர்களும் தொண்டு இல்லங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் ஒரு கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டத்தை, அதாவது எல்லோரும் சொல்லும் என்.எஸ்.எஸ்.ஸை, கவனித்துக்கொள்கிறேன். ஒவ்வொரு வருடமும் கல்லூரி திறந்ததும் மாணவர்களும் சில நேரம் அவர்களுடைய பெற்றோரும் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. முதியோர் இல்லம், குழந்தைகள் இல்லம், பார்வையற்ற மாணவர்களின் தேர்வறை, ரத்த வங்கி, வெள்ள நிவாரணம் என்று நம் பிள்ளைகள் போய் வேலை செய்கிற இடங்களை மனதில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சொன்ன நாளில், சொன்ன நேரத்துக்கு, தவறாமல் வந்து நிற்கிற ஆள்தான் இந்த இடங்களுக்கு எல்லாவற்றையும்விட அதிகம் தேவை.

உதவி செய்யணும் என்று ஆசை இருக்கிறது. எங்கே ஆரம்பிப்பது?

வீட்டிலிருந்தோ விடுதியிலிருந்தோ அரை மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய இடத்தில் ஆரம்பியுங்கள். இரண்டு பஸ் மாறிப் போகிற இடத்துக்கு முதல் மாதம் உற்சாகமாகப் போவீர்கள். இன்டர்னல் தேர்வு வந்ததும் அது நின்றுவிடும். உங்கள் பகுதியில் என்ன இல்லம் இருக்கிறது என்று பக்கத்து மருந்துக் கடையிலும் மளிகைக் கடையிலும் விசாரியுங்கள். எந்த இல்லம் மாதக் கடைசியில் கடன் சொல்லி அரிசி வாங்குகிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

போவதற்கு முன் போன் செய்யுங்கள். "என்ன உதவி வேண்டும்?" என்று பொதுவாகக் கேட்டால், "எதுவானாலும் சரி தம்பி" என்பார்கள். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. "சனிக்கிழமை மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரை நானும் என் தோழியும் வர முடியும், அந்த நேரத்தில் என்ன வேலை இருக்கும்?" என்று கேளுங்கள். வேலை தானாக வெளியே வரும்: மருந்துகளைத் தேதி பார்த்து அடுக்க வேண்டும், நன்கொடைப் பதிவேட்டைக் கணினியில் ஏற்ற வேண்டும், ஒரு பாட்டியைக் கண் மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வேண்டும், இப்படி.

என்.எஸ்.எஸ்.ஸில் சேர்ந்தால் போதுமா?

நல்ல வாசல் அது. காந்தி நூற்றாண்டு ஆண்டான 1969-இல், செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் சுமார் 40,000 மாணவர்களோடு தொடங்கிய திட்டம். ஒரு வருடத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருடத்துக்கு 240 மணி நேரம் பணி, அதோடு ஒரு கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாம் என்பது கணக்கு. உங்களைப் பற்றிக் கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஒரு திட்ட அலுவலர் இருக்கிறார், கல்லூரியின் கடிதம் இருக்கிறது. ஒரு இல்லத்துக்குள் நுழைய இந்த இரண்டும் பெரிய உதவி.

ஆனால் 120 மணி நேரத்தை எப்படிச் செலவழிக்கிறோம் என்பதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பேரணி, மரக்கன்று நடும் விழா, விழிப்புணர்வு உறுதிமொழி என்றே வருடம் ஓடிவிடலாம். வாரம் இரண்டு மணி நேரம் ஒரே இல்லத்துக்குப் போனால், விடுமுறைகளைக் கழித்தாலும், பெரும்பகுதி மணி நேரம் அங்கேயே நிறைந்துவிடும். உங்கள் திட்ட அலுவலரிடம் நேராகப் போய்க் கேளுங்கள். மறுக்கிறவர்கள் குறைவு.

கையில் காசு இல்லை. வெறும் கையோடு போவது சங்கடமாக இருக்காதா?

இருக்காது. பிஸ்கட் பாக்கெட்டோடுதான் போக வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. சர்க்கரை நோயாளிகள் நிறைந்த முதியோர் இல்லத்தில் அந்தப் பாக்கெட்டே தொந்தரவுதான்.

பிறந்தநாளை இல்லத்தில் கொண்டாடலாமா? கேக் வெட்டி எல்லோருக்கும் சாப்பாடு போடணும் என்று ஆசை.

சாப்பாடு போடுவது நல்ல காரியம், தடுக்க மாட்டேன். ஆனால் இல்லத்தின் அலுவலகத்தில் தொங்குகிற காலண்டரை ஒருமுறை பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைகள், ஆடி அமாவாசை, தீபாவளி, புத்தாண்டு எல்லாவற்றிலும் மூன்று வேளைக்கும் யாராவது பெயர் எழுதியிருப்பார்கள். ஒரே நாளில் இரண்டு வீட்டு பிரியாணி வந்து, சாப்பிட்ட குழந்தைகளுக்கு ராத்திரி வயிற்று வலி வருவதும் உண்டு. அதே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலைச் சிற்றுண்டிக்கு எதிரே கட்டம் காலியாக இருக்கும். அந்தக் காலிக் கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அல்லது சாப்பாட்டுக்கு ஆகும் பணத்தில் யாரும் வாங்கித் தராததை வாங்கிக் கொடுங்கள்: பெரியவர்களுக்கான டயப்பர், பெண் பிள்ளைகளுக்கு நாப்கின், பினாயில், ரத்த அழுத்த மாத்திரை, ஒரு மாத கேஸ் சிலிண்டர். கரண்ட் பில் கட்ட முடியுமா என்று கேட்டால் நிர்வாகி உங்களை மறக்கவே மாட்டார்.

கேக் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன். பெற்றோர் யாரென்றே தெரியாத, தன் பிறந்த தேதி எது என்றே தெரியாத குழந்தைகள் அங்கே இருக்கிறார்கள். அவர்களை வரிசையில் நிறுத்தி நமக்கு 'ஹேப்பி பர்த்டே' பாடச் சொல்ல வேண்டாம். அந்த மாதம் பிறந்ததாகப் பதிவேட்டில் இருக்கும் பிள்ளைகள் யார் என்று கேட்டு, அவர்கள் கையில் கத்தியைக் கொடுங்கள். நீங்கள் ஓரமாக நின்று கை தட்டுங்கள்.

முதியோர் இல்லத்தில் போய் என்ன பேசுவது? பத்து நிமிடத்தில் பேச்சு தீர்ந்துவிடுகிறது.

எதிரெதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தால் யாருக்குமே பேச்சு தீர்ந்துவிடும். கைக்கு ஒரு வேலை வைத்துக்கொள்ளுங்கள். நகம் வெட்டிவிடுங்கள். முதியவர்களின் கால் நகம் தடித்து, கொம்பு மாதிரி இறுகி இருக்கும். குனிந்து தாங்களே வெட்டிக்கொள்ள அவர்களால் முடியாது. வெந்நீரில் கொஞ்ச நேரம் காலை ஊற வைத்து, துடைத்து, நேராக, கொஞ்சம் கொஞ்சமாக வெட்ட வேண்டும். ஓரத்தைக் குடைந்து வெட்டக் கூடாது. சர்க்கரை நோய் உள்ளவர் என்றால் நர்ஸைக் கேட்காமல் தொடவே வேண்டாம், ஒரு சின்னக் கீறல் அவருக்குப் பெரிய புண்ணாகிவிடும். ஒரு காலை முடிப்பதற்குள் அந்தத் தாத்தா எந்த மில்லில் வேலை பார்த்தார், எந்த வருடம் மில் மூடினார்கள், மூத்த மகன் ஏன் பேசுவதில்லை என்று எல்லாமே வந்துவிடும். நீங்கள் கேட்டிருக்கக்கூட மாட்டீர்கள்.

அப்புறம், காகித வேலை. படித்த பிள்ளைகளான உங்களால் மட்டுமே ஆகிற வேலை என்று இதைத்தான் சொல்வேன். தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2023-இல் மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது. தகுதி இருந்தும் அது கிடைக்காதவர்கள் பல இல்லங்களில் இருக்கிறார்கள். ஆதாரில் பெயர் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் இன்னொரு மாதிரி இருக்கும். கைரேகை தேய்ந்துபோய் இயந்திரம் ஏற்காது. ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் வருடா வருடம் ஆயுள் சான்று கொடுக்க வேண்டும், அதற்கு வங்கிக்கோ இ-சேவை மையத்துக்கோ கைத்தாங்கலாகக் கூட்டிப் போக ஆள் வேண்டும். ஒரு நாள் லீவு போட்டு, ஒரு பாட்டியின் ஆதார் பெயரைத் திருத்திக் கொடுங்கள். அதன் பலன் அவருக்கு மாதா மாதம் வரும். ஒன்று மட்டும்: அவருடைய ஓ.டி.பி., பின் நம்பர் எதையும் நீங்கள் கேட்கவோ குறித்து வைக்கவோ கூடாது. பணம் எடுக்கும்போது இல்லத்து ஊழியர் ஒருவர் கூட இருக்கட்டும்.

யாரையும் 'பாட்டி', 'தாத்தா' என்று கூப்பிடுவதற்கு முன் எப்படிக் கூப்பிடலாம் என்று கேளுங்கள். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை ஒருவர் 'டீச்சர்' என்று கூப்பிட்டால்தான் திரும்புவார். அது அவருடைய உரிமை.

பார்வையற்ற மாணவருக்குத் தேர்வு எழுதப் போகச் சொல்கிறார்கள். அதில் என்ன செய்ய வேண்டும்?

மாணவர்கள் செய்யக்கூடிய தொண்டுகளில் நான் மிக உயர்வாக நினைப்பது இதுதான். அவர் பதில் சொல்வார், நீங்கள் எழுதுவீர்கள். 'சொல்வதை எழுதுபவர்' என்று இதற்குப் பெயர். பள்ளிப் பொதுத்தேர்வுகளில் ஆசிரியர்களையே நியமித்துவிடுகிறார்கள். கல்லூரித் தேர்வு, வேலைக்கான போட்டித் தேர்வு என்று வரும்போதுதான் ஆள் கிடைக்காமல் திண்டாடுகிறார்கள்.

விதிகள் தேர்வுக்குத் தேர்வு மாறும், அதனால் அனுமதிச் சீட்டோடு வரும் அறிவுறுத்தலை இருவரும் சேர்ந்து படியுங்கள். மத்திய அரசின் 2018 வழிகாட்டுதலில், தேர்வர் தானே ஆள் கூட்டி வந்தால், எழுதுபவரின் படிப்பு தேர்வருடையதைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டும் என்று இருந்தது; 2025-இல் புதிய வழிகாட்டுதல் வந்துவிட்டது. ஒரு மணி நேரத் தேர்வுக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு. ஆக மூன்று மணி நேரத் தேர்வு நான்கு மணி நேரம் போகும். அதற்கு ஏற்றபடி சாப்பிட்டுவிட்டு வாருங்கள். இரண்டு பேனா, அடையாள அட்டை, புகைப்படம் கையில் இருக்கட்டும்.

உள்ளே உட்கார்ந்ததும் வினாத்தாள் முழுவதையும் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள், மதிப்பெண்ணோடு சேர்த்து. 'அல்லது' எங்கே வருகிறது, எது கட்டாயக் கேள்வி என்பது உங்கள் கண்ணுக்கு ஒரு நொடியில் தெரியும். அவருக்கு நீங்கள் சொன்னால்தான் உண்டு. கொள்குறி வினா என்றால் நான்கு விடைகளையும் ஒரே தொனியில் வாசியுங்கள். சரியான விடை வரும்போது குரல் தன்னால் கொஞ்சம் அழுத்தும், அதை அடக்க வேண்டும். அவர் தவறாகச் சொன்னால் தவறாகத்தான் எழுத வேண்டும். உங்களுக்குப் பதில் தெரிந்திருந்தாலும் திருத்தக் கூடாது, அவருடைய தேர்வு அது. வேகம் போதவில்லை என்றால் "கொஞ்சம் நில்லுங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். தலையாட்டினால் அவருக்குத் தெரியாது. பத்தி முடிந்ததும் கடைசி வரியை வாசித்துக் காட்டினால் எங்கே விட்டோம் என்று பிடித்துக்கொள்வார். அரை மணிக்கு ஒருமுறை நேரம் சொல்லுங்கள்.

முதல் நாளே ஒருமுறை சந்தித்துப் பழைய வினாத்தாள் ஒன்றை எழுதிப் பாருங்கள். பொருளாதாரம் படிக்கிறவர் சொல்கிற கலைச்சொல் கணினி அறிவியல் மாணவிக்குப் புதிதாக இருக்கும். அதைத் தேர்வறையில் எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

வருகிறேன் என்று சொல்லிவிட்டு முந்தின நாள் ராத்திரி "சாரி, ஊருக்குப் போறேன்" என்று மெசேஜ் அனுப்பிவிடாதீர்கள். ஒரு பருவம் முழுக்க ஆடியோவில் கேட்டுக் கேட்டுப் படித்தவர், உங்கள் ஒரு மெசேஜால் தேர்வு எழுத முடியாமல் வாசலில் நிற்பார். இது நடக்கிறது, அடிக்கடி நடக்கிறது. அதனால்தான் எங்கள் பிள்ளைகளிடம் ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு மாற்று ஆளைத் தயாராக வைக்கச் சொல்கிறோம்.

குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித் தர ஆசை. எனக்கு அனுபவம் இல்லையே?

பொறுமை இருந்தால் ஆரம்பிக்கலாம். கொரோனா விடுமுறைக்குப் பிறகு தமிழ்நாடு அரசு 2021-இல் இல்லம் தேடிக் கல்வியைத் தொடங்கியபோது, பகுதியில் உள்ள படித்த இளைஞர்கள், பெரும்பாலும் பெண்கள், வீட்டுத் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் மாலை நேரத்தில் குழந்தைகளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். மாத ஊக்கத்தொகை 1,000 ரூபாய்தான். அவர்களில் பலருக்கு முன் அனுபவம் கிடையாது.

ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு ஏழாம் வகுப்புப் பாடத்தைத்தான் நடத்த வேண்டும் என்று நினைக்காதீர்கள். முதலில் ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். எழுத்துக் கூட்டத் தடுமாறினால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். அதை மற்ற பிள்ளைகள் முன்னால் செய்யாதீர்கள். தனியாக உட்கார்ந்து, அவனுக்குப் பிடித்த கிரிக்கெட் செய்தியையோ பஸ் போர்டில் உள்ள ஊர்ப் பெயர்களையோ வாசிக்க வையுங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரே அண்ணன், ஒரே அக்கா என்று வைத்துக்கொள்வது நல்லது. வாரம் ஒரு புது முகம் வந்து "உன் பேர் என்ன, என்ன ஆகப் போறே?" என்று கேட்டால் குழந்தைகள் சலித்துவிடுகிறார்கள். அப்பா அம்மா என்ன செய்கிறார்கள் என்ற கேள்வியை இல்லத்துக் குழந்தைகளிடம் கேட்கவே வேண்டாம்.

குழந்தைகளோடு எடுத்த படத்தை இன்ஸ்டாகிராமில் போடலாமா?

கூடாது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், முகம், பள்ளி என்று அடையாளம் தெரியும்படி எதையும் வெளியிடுவதை 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடை செய்கிறது. ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம். நிர்வாகியே "எடுத்துக்கோங்க" என்றாலும் நீங்கள் எடுக்காதீர்கள்.

பெரியவர்கள் விஷயத்தில் சட்டத்தை விடுங்கள். சாப்பாட்டுத் தட்டை நீட்டியபடி கேமராவைப் பார்க்கிற படத்தில், அந்தத் தட்டை வாங்குகிறவர் உங்கள் அப்பாவாக இருந்தால் போடுவீர்களா? கல்லூரி அறிக்கைக்குப் படம் வேண்டும் என்றால் நீங்கள் அரிசி மூட்டை இறக்குவதையோ சுவருக்கு வெள்ளையடிப்பதையோ எடுங்கள்.

ஒரு இல்லம் உண்மையானதுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

குழந்தைகள் இல்லம் என்றால் இளைஞர் நீதிச் சட்டத்தின்படி பதிவு செய்திருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்டால் சொல்வார்கள். முதியோர் இல்லத்துக்கு மாவட்ட சமூக நல அலுவலகம். நன்கொடை கொடுத்தால் ரசீது தர வேண்டும். வருமான வரியின் 80ஜி சலுகை உண்டு என்று சொன்னால் அதற்கான பதிவு எண் ரசீதில் இருக்க வேண்டும். பணத்தை அறக்கட்டளை கணக்குக்குக் கேட்காமல் ஒருவருடைய சொந்த ஜிபே எண்ணுக்குக் கேட்டால் நிறுத்திக்கொள்ளுங்கள்.

என் அனுபவத்தில் இன்னொரு அடையாளமும் உண்டு. நல்ல இல்லம் உங்களைச் சுலபத்தில் உள்ளே விடாது. அடையாள அட்டை கேட்கும், பார்வையாளர் பதிவேட்டில் கையெழுத்து வாங்கும், எந்த அறைக்குப் போகலாம், எதற்குப் போகக் கூடாது என்று சொல்லும், குழந்தைகளோடு தனியாக விடாது. அதை அவமரியாதையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முன்பின் தெரியாத உங்களிடம் "பசங்களைக் கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று அனுப்பிவைக்கிற இடத்தைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

ரத்த தானம் செய்ய என்ன தகுதி?

வயது 18 முதல் 65, எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5. ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். காலையில் நன்றாகச் சாப்பிட்டு, முந்தின நாள் நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும். ஹீமோகுளோபின் குறைவு என்று திருப்பி அனுப்பினால் வருத்தப்படாதீர்கள், உங்கள் உடம்பைப் பற்றி ஒரு தகவல் இலவசமாகக் கிடைத்திருக்கிறது. வீட்டில் சொல்லி அதைக் கவனியுங்கள்.

முகாம் நடத்துகிறவர்களுக்கு: அக்டோபர் 1 தேசியத் தன்னார்வ ரத்த தான நாள், அன்று எல்லாக் கல்லூரியும் முகாம் நடத்தும். சிவப்பணுக்களை ஐந்தாறு வாரம் வைத்திருக்கலாம், தட்டணுக்கள் ஐந்து நாள்தான் தாங்கும். தட்டுப்பாடு வருவது கல்லூரிகள் மூடிக் கிடக்கிற ஏப்ரல், மே மாதங்களில். ரத்த வங்கி அதிகாரியிடம் எந்த வாரம் வேண்டும் என்று கேட்டு நடத்துங்கள். உள்ளூரில் இருக்கிற மாணவர்களின் பட்டியல் ஒன்றைக் கோடைக்காகத் தனியாக வைத்திருங்கள்.

வெள்ளம், புயல் என்றால் உடனே கிளம்பிப் போகலாமா?

போகிற ஆசை புரிகிறது. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது எத்தனையோ கல்லூரிப் பிள்ளைகள் இடுப்பளவுத் தண்ணீரில் சாப்பாட்டுப் பொட்டலம் சுமந்தார்கள். ஆனால் முதல் ஓரிரு நாளில் உதவி அந்த ஊர்க்காரர்களிடமிருந்துதான் வரும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியபோது, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கிக்கொண்டது. உள்ளே சுமார் 800 பேர். பக்கத்துப் புதுக்குடி கிராமத்து மக்கள்தான், தங்கள் ஊரே தண்ணீரில் கிடக்க, இருந்த அரிசியைப் போட்டுச் சமைத்துக் கொடுத்தார்கள். நீச்சலும் பயிற்சியும் இல்லாத வெளியூர் மாணவர் அந்த நேரத்தில் அங்கே போய் நின்றால் அவரையும் ஒருவர் காப்பாற்ற வேண்டியிருக்கும்.

உங்கள் ஊரிலேயே அப்போது வேலை இருக்கிறது: பொருள் சேகரித்துப் பிரிப்பது. இதை ஒழுங்காகச் செய்ய எப்போதுமே ஆள் குறைவு. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் சாலையோரத்தில் பழைய துணி மலை மலையாகக் குவிந்து கிடந்தது. கிழிந்தது, பித்தான் இல்லாதது, அங்கே யாரும் உடுத்தாத மாதிரியான உடை எல்லாம் லாரியில் வந்து இறங்கியது. எல்லாம் இழந்த மீனவக் குடும்பங்கள் அதைத் தொடக்கூட மறுத்தார்கள். மறுத்ததில் தப்பே இல்லை. அதனால் வாங்கும்போதே கண்டிப்பாக இருங்கள். உள்ளாடை, நைட்டி, லுங்கி, போர்வை புதிதாக மட்டும் வாங்குங்கள். பழைய துணியை வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு பை என்று கட்டுங்கள்: அரிசி, பருப்பு, எண்ணெய், மெழுகுவத்தி, தீப்பெட்டி, கொசுவத்தி, சோப்பு, நாப்கின். பையின் மேலே உள்ளே என்ன இருக்கிறது என்று பெரிதாகத் தமிழில் எழுதுங்கள். தண்ணீரில் நனைந்தால் அழியாத பேனாவால்.

மூன்றாவது வாரம் செய்திச் சேனல்கள் கிளம்பிப் போயிருக்கும். அப்போது போங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்து டெல்டாவின் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனது. விழுந்த மரங்களை அப்புறப்படுத்தவே மாதக்கணக்கில் ஆள் தேவைப்பட்டது. சேறு வார, பள்ளிக்கூடம் கழுவ, நனைந்துபோன சான்றிதழ்களுக்கு மனு எழுத, இதற்கெல்லாம் இளம் கைகள் வேண்டும். பூட்ஸ் போடாமல் சேற்றில் இறங்காதீர்கள்.

நான் பெண். வீட்டில் விடமாட்டேன் என்கிறார்கள்.

அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. அம்மாவையோ அப்பாவையோ முதல் நாள் இல்லத்துக்கே அழைத்து வாருங்கள். நிர்வாகியைப் பார்த்துப் பேசட்டும், போன் நம்பரை வாங்கிக்கொள்ளட்டும். இரண்டு பேராகப் போவது, இருட்டுவதற்குள் திரும்புவது, போகும் நாள் எப்போதும் மாறாமல் இருப்பது, இவை மூன்றும் சேர்ந்தால் பெரும்பாலான வீடுகளில் சம்மதம் கிடைத்துவிடுகிறது. கூட வந்த அம்மா பிறகு தானே தொடர்ந்து வர ஆரம்பித்த கதையும் உண்டு.

இல்லத்தில் ஏதோ தப்பு நடக்கிறது என்று தோன்றினால்?

குழந்தை ஒன்று அடிபட்ட தழும்போடு இருக்கிறது, ஒரு ஊழியரைக் கண்டால் ஒடுங்குகிறது, முதியவர் ஒருவரைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தால், அங்கேயே சண்டை போடாதீர்கள். படம் எடுத்துக் குழுவில் பரப்பாதீர்கள். பார்த்ததைத் தேதி நேரத்தோடு எழுதி வைத்து, அன்றே திட்ட அலுவலரிடம் சொல்லுங்கள். குழந்தை என்றால் 1098, முதியவர் என்றால் 14567, பெண்கள் உதவி எண் 181. குழந்தை மீதான பாலியல் குற்றம் என்று தெரிந்தால் புகார் செய்வது போக்சோ சட்டப்படி ஒவ்வொருவருக்கும் கட்டாயம். "நமக்கேன் வம்பு, கல்லூரிப் பெயர் கெடும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். குழந்தையிடம் துருவித் துருவிக் கேள்வி கேட்கவும் வேண்டாம். அதற்குப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள்.

தெருவில் மனநலம் பாதிக்கப்பட்ட ஒருவரைப் பார்த்தால் நாங்களே அழைத்துப் போகலாமா?

நீங்களாகத் தொட்டுத் தூக்க முயற்சி செய்ய வேண்டாம். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி, அப்படித் திரிகிறவரைப் பாதுகாப்பில் எடுத்து மருத்துவ உதவிக்கு அனுப்புவது காவல் துறையின் பொறுப்பு. அருகில் உள்ள நிலையத்தில் சொல்லுங்கள், அவர்கள் வரும்வரை தள்ளி நின்று பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டிலை எட்டும் தூரத்தில் வைக்கலாம்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்ல ஆசைப்படுகிறேன். சென்னையில் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இரண்டு பெண்கள், தெருவில் இருந்த மனநலம் பாதிக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு இடம் தேடி, கிடைக்காமல், 1993-இல் தாங்களே தொடங்கியதுதான் 'தி பான்யன்'. வீடற்ற, மனநலம் பாதித்த பெண்களுக்கான இடம் என்றால் இன்று பலருக்கும் நினைவுக்கு வருவது அதுதான்.

அப்படியென்றால் நாங்களும் நண்பர்கள் சேர்ந்து ஒரு அறக்கட்டளை தொடங்கலாமா?

இப்போதைக்கு வேண்டாம் என்பேன். பதிவு, பான் கார்டு, வங்கிக் கணக்கு, வருடாந்திரத் தணிக்கை என்று உங்கள் நேரம் முழுவதும் அதிலேயே போய்விடும். கல்லூரி முடிந்ததும் ஆளுக்கு ஒரு ஊர் போவீர்கள். ஏற்கனவே நன்றாக நடக்கிற இல்லம் ஒன்று கணக்கு எழுத ஆள் இல்லாமல் தவிக்கிறதே, அதற்குக் கணக்கு எழுதுங்கள். மூன்று வருடம் அப்படி இருந்த பிறகு, யாரும் செய்யாத ஒரு வேலை அங்கே மிச்சம் இருப்பது தெரிந்தால், தொடங்குங்கள். முதல் ஆளாக நான் வருகிறேன்.

சான்றிதழ் கிடைக்குமா? படிப்பு கெடாதா?

கிடைக்கும். கேட்பதில் தப்பில்லை. வாரம் இரண்டு மணி நேரத்தால் யாருடைய படிப்பும் கெட்டு நான் பார்த்ததில்லை. பருவத் தேர்வுக்கு முந்தின இரண்டு வாரம் வர முடியாது என்பதை மட்டும் இல்லத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

போய்வந்த பிறகு மனசு பாரமாக இருக்கிறது. தூக்கம் வருவதில்லை.

பழகிய பெரியவர் ஒருவர் அடுத்த வாரம் இல்லை என்று கேட்கும்போது யாருக்கும் அப்படித்தான் இருக்கும். உங்களுக்கு இளகிய மனசு, அது குறையே கிடையாது. கூட வந்த நண்பர்களோடு அதைப் பேசிவிடுங்கள். எங்கள் குழுவில் திரும்பி வரும் வழியில் டீக்கடையில் நின்று, அன்றைக்கு என்ன பார்த்தோம் என்று பேசாமல் யாரும் விடுதிக்குப் போவதில்லை. வாரக்கணக்கில் நீடித்தால் இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். புற்றுநோயாளிகளின் பக்கத்தில் உட்கார முடியாதவர் மருந்துக் கிடங்கில் நன்றாக வேலை செய்வார். தேவைப்பட்டால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

படிப்பு முடிகிறது, வேலைக்கு வேறு ஊர் போகிறேன். இல்லத்தில் எப்படிச் சொல்வது?

ஒரு மாதம் முன்னாலேயே சொல்லுங்கள். சத்தமில்லாமல் நின்றுவிடாதீர்கள், குழந்தைகள் தாங்கள் ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள். "அடிக்கடி வருவேன்" என்ற வாக்கைக் கொடுக்காதீர்கள். பொங்கலுக்கு ஊர் வரும்போது வர முடியும் என்றால் அதை மட்டும் சொல்லுங்கள்.

உங்களுக்குப் பதிலாக ஒரு ஜூனியரைக் கூட்டிப் போய்க் குறைந்தது மூன்று வாரம் உங்களோடு உட்கார வையுங்கள். யாருக்கு எந்தக் காது கேட்காது, யாருக்குச் சர்க்கரை, எந்தப் பிள்ளை எந்தப் பாடத்தில் எங்கே நிற்கிறான், யாருடைய ஆதார் மனு எந்த அலுவலகத்தில் கிடக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி, நிர்வாகிக்குக் காட்டிவிட்டு, அதை இல்லத்து அலுவலகத்திலேயே வையுங்கள். தனிப்பட்ட விவரங்கள் இருப்பதால் வெளியே எடுத்துப் போகக் கூடாது, போனில் படம் எடுத்தும் வைத்துக்கொள்ளக் கூடாது. கடைசி நாளில் மனு நிலுவையில் இருக்கும் அலுவலகத்துக்கு ஜூனியரையும் கூட்டிப் போய், எந்தக் கவுண்டர், யாரைப் பார்க்க வேண்டும், எந்தக் கிழமை போனால் கூட்டம் குறைவு என்று காட்டிவிட்டு வாருங்கள்.